ஜனாதிபதி வீட்டு நாய்கள்

நாயைக் காதைப் பிடித்துத் தூக்கலாமா, கூடாதா என்பது ஒரு பெரிய தேசத்தின் ராஜாங்க விவகாரம் ஆகிவிடும் என்று 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி வரையில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மறுநாள் ஆகிவிட்டது.

அன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் புல்தரையில் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் விருந்தாளிகள் சிலரோடு உலாவிக் கொண்டிருந்தார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஜனாதிபதியின் பீகிள் நாய்கள் இரண்டும் உடன் வந்தன. திடீரென்று ஜான்ஸன் குனிந்து, ஆண் நாயின் தொங்கும் காதுகள் இரண்டையும் பற்றி, அதன் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்படி தூக்கினார். நாய் வீறிட்டது. புகைப்படமும் எடுத்தாயிற்று.

படம் வெளிவந்ததும் தேசமே கொதித்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. நாய் வளர்ப்பவர்களும் மிருக வைத்தியர்களும் பத்திரிகைகளில் அபிப்பிராயம் சொன்னார்கள். அது குரைக்கட்டும் என்றுதான் தூக்கினேன், அதற்கு அது நல்லதுதான் என்பது ஜான்ஸன் தரப்பு. முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன், வேட்டை நாய்களை அப்படித்தான் கையாள வேண்டும் என்று அவருக்குப் பரிந்து பேசினார். அந்தச் சமயத்தில் அமெரிக்க செனட் சபையில் நீக்ரோ மக்களின் சம உரிமை மசோதாவை நிறைவேறவிடாமல் தென்மாகாணத்து அங்கத்தினர்கள் வாரக்கணக்கில் பேசிக் கொண்டிருந்தார்கள். வியட்நாமில் யுத்தம் வளர்ந்து கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவிலும் ஒரு நாயின் இரண்டு காதுகளுக்கு இடம் இருந்தது.

அந்த வாதப் பிரதிவாதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நாய் வீறிட்டது எல்லாருக்கும் கேட்டது. வலித்ததால் கத்திற்று என்றார்கள் ஒரு சாரார். உற்சாகத்தில் குரைத்தது என்றார்கள் மற்றவர்கள். அதன் குரலுக்கு என்ன பொருள் என்பதை மனிதர்களே கட்சி பிரிந்து தீர்மானித்தார்கள்.

இந்தப் பழைய கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் என் நண்பர் ஒருவரின் கடிதம். சென்னையில் ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அவருடைய பத்து வயதுப் பெண் பீகிள் குட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். “நீங்கள்தான் ஊரிலுள்ள சரித்திரமெல்லாம் படிக்கிறவராயிற்றே. இந்த ஜாதி நாயோடு குடித்தனம் நடத்த என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் அடங்கவில்லை. அவருக்கு எழுதியதைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜனாதிபதி வீட்டு நாய்களின் பெயரைச் சொல்ல வேண்டும். ஜான்ஸனிடம் அதற்கு முன்பும் ஒரு பீகிள் இருந்தது. அவர் பெயரின் முதலெழுத்துக்கள் எல்.பி.ஜே. மனைவி லேடி பேர்ட், மூத்த பெண் லிண்டா பேர்ட், இளையவள் லூஸி பெய்ன்ஸ் எல்லாருக்கும் அதே மூன்று எழுத்துக்கள்தான். ஆகவே நாய்க்கும் ‘லிட்டில் பீகிள் ஜான்ஸன்’ என்று பெயர் வைத்துக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். 1963 ஜூனில் பிறந்து பிற்பாடு வந்த ஜோடிக்கு இவ்வளவு சிரமப்படவில்லை. ஆண் நாய் ‘ஹிம்’, பெண் நாய் ‘ஹெர்’. அதாவது ‘அவனை’, ‘அவளை’. இலக்கணம் படித்தவர்கள் கவனித்திருப்பார்கள்: இரண்டுமே எழுவாயாக நிற்க முடியாத சொற்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்ய, அதை ஏற்றுக் கொள்ளும் இடத்தில்தான் இவை வரும். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைக்கவில்லை. ஆனால் பீகிள் ஜாதியின் சரித்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பீகிள் இங்கிலாந்து தேசத்து நாய். அந்தச் சொல் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஆங்கில ஏட்டில் காணப்படுகிறது. ‘திறந்த தொண்டை’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்று ஒரு யூகம் உண்டு. அந்த யூகம் எப்படியானாலும், ஒரு பீகிளுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் அதை ஆட்சேபிக்க மாட்டார்கள். முதலாம் எலிஸபெத் ராணி கைக்கு அடக்கமான சிறு பீகிள்களை வைத்திருந்தாள் என்று சொல்வதுண்டு. ஷேக்ஸ்பியர் தம் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் கெட்டிக்காரியான ஒரு பணிப்பெண்ணைப் பாராட்டுவதற்கு இந்த நாயைத்தான் உவமையாக எடுத்துக் கொண்டார்.

வேட்டை நாய்களில் கண்ணால் வேட்டையாடுவது, மூக்கால் வேட்டையாடுவது என்று இரண்டு வகை உண்டு. நம்முடைய ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முதல் வகை. முயல் கண்ணில் பட்டால் அம்பு மாதிரி பாயும். பீகிள் இரண்டாவது வகை. அதற்கு முயல் எதிரில் இருக்க வேண்டுமென்பதே இல்லை. சற்று முன்பு அங்கே இருந்திருந்தால் போதும்.

இங்கிலாந்தில் பீகிளை வைத்துக் கொண்டு முயல் வேட்டைக்குப் போனவர்கள் குதிரையில் போகவில்லை. நடந்தும் ஓடியும் போனார்கள். குதிரையில் ஏறி நரி வேட்டைக்குப் போவது பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய மனிதர்களின் மோகமாயிற்று. அதற்கு உயரமான, வேகமான நாய்கள் வேண்டியிருந்தன. பீகிளின் மதிப்பு இறங்கியது. குதிரை வைத்துக் கொள்ள வசதியில்லாத சிறு விவசாயிகளும், கால்நடையாக வேட்டையாடப் பிரியப்பட்டவர்களும் அதைக் கைவிடவில்லை. 1830-களில் எஸெக்ஸ் பகுதியில் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் ஒரு பீகிள் கூட்டத்தைத் திரட்டி வளர்த்தார். இன்றைய பீகிளுக்கு அந்தக் கூட்டம்தான் மூலம் என்பார்கள். 1870-களில் ரௌவெட் என்ற தளகர்த்தர் அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்துக்கு இங்கிலாந்திலிருந்து நல்ல நாய்களைத் தருவித்தார். 1885-ல் அமெரிக்க நாய்ச் சங்கப் பதிவேட்டில் முதல் பீகிள் பெயர் ஏறியது. அதன் பெயர் ‘பிளண்டர்’, அதாவது ‘பெரும் பிசகு’. 1890-ல் இங்கிலாந்தில் பீகிள் சங்கம் ஏற்பட்டது.

நாய் எதற்காக உண்டாக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அது வீட்டில் செய்யும் சேஷ்டைகளின் பொருள் விளங்கும். முயல் துரத்தப்பட்டால் நேராக ஓடாது. வளைந்து வளைந்து, தான் புறப்பட்ட இடத்தைச் சுற்றி வரும். பீகிள் கூட்டம் மூக்கைத் தரையில் பதித்து அந்தத் தடத்தை மணிக்கணக்கில் விடாமல் தொடரும். எஜமான் அரை மைல் பின்னால் மூச்சிரைக்க வந்து கொண்டிருப்பார். அவர் சொற்படி நடப்பதென்று நாய் காத்திருந்தால் வேட்டை நடக்குமா? தன் மூக்கு சொன்னபடி தானே முடிவு செய்யும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். பின்னால் வருகிறவருக்கு வேட்டை எங்கே நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக, குரைப்புமின்றி ஊளையுமின்றி இரண்டுக்கும் நடுவே நீண்டு ஒலிக்கும் ஒரு குரல். புல் மறைவிலும் தெரிவதற்கு வால் நுனியில் ஒரு வெள்ளை. ஒரே கொட்டடியில் இருபது முப்பது நாய்கள் சண்டையில்லாமல் வாழ வேண்டும். அதற்காகச் சாதுவான சுபாவம்.

இப்போது இதே நாயை மூன்றாம் மாடிக்குக் கொண்டு வாருங்கள். கூப்பிட்டால் வராது, மூக்கு வேறு எங்கோ கூப்பிடுகிறது. தனியாக விட்டுவிட்டுப் போனால் மாடிப்படி முழுதும் எதிரொலிக்கும்படி கூவும். கூட்டத்தில் வாழப் பிறந்தது வெற்று வீட்டில் வேறென்ன செய்யும்? கதவு கொஞ்சம் திறந்திருந்தால் தெருவில் இருக்கும். அடுப்பங்கரையில் அலமாரியைத் திறக்கக் கற்றுக் கொள்ளும். இவையெல்லாம் குற்றங்கள் என்று நாம் பட்டியல் போடுகிறோம். ஹனிவுட் பாதிரியாரைக் கேட்டால், இவற்றுக்காகத்தானே பாடுபட்டு வளர்த்தேன் என்பார்.

மூக்கின் திறமையை விஞ்ஞானிகளும் பரீட்சித்திருக்கிறார்கள். மெய்ன் மாகாணத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஜாதி நாய்களின் குணங்களைப் பல வருஷம் ஆராய்ந்து 1965-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். ஒரு ஏக்கர் வயலில் ஒரு சுண்டெலியை விட்டு நாய்களைத் தேடச் சொன்ன சோதனை அவர்களுடைய ஆராய்ச்சிகளில் பிரசித்தமானது. பீகிள்கள் சுமார் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தன. பாக்ஸ் டெரியர் என்ற ஜாதிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இந்த மூக்குக்கு அமெரிக்க அரசாங்கம் உத்தியோகமே கொடுத்திருக்கிறது. 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் விவசாய இலாகா பீகிள்களைப் பணிக்கு அமர்த்தியது. பச்சைச் சட்டை போட்டுக் கொண்டு பிரயாணிகளின் பெட்டிகளை முகர்ந்து பார்ப்பது அவற்றின் வேலை. துணிமணிக்கு அடியில் ஒரு மாம்பழம் இருந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடும். ஓர் அந்நியப் பழத்தோடு வரும் பூச்சி ஒரு மாகாணத்தின் தோட்டங்களையே அழித்துவிடக்கூடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பீகிளைப் பொறுக்கியதற்குக் காரணங்கள் சொன்னார்கள். மூக்கு ஒன்று. ஒரு பிஸ்கோத்துக்காக நாள் முழுதும் உழைக்கும் பசி இரண்டு. பார்த்தால் யாருக்கும் பயம் உண்டாவதில்லை என்பது மூன்று.

அந்தப் பசியும் அந்த மூக்கும் ஜனாதிபதி வீட்டில் என்ன செய்தன என்பதைச் சொல்கிறேன். 1964 நவம்பரில் ஹெர் இறந்து போயிற்று. காரணம், ஒரு கல்லை விழுங்கியது. அப்போது அதற்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. 1966 ஜூனில் ஹிம் ஓர் அணிலைத் துரத்திக் கொண்டு ஓடியது. மாளிகை வளாகத்துக்குள்ளேயே ஒரு மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தது. அதற்கு மூன்று வயது. பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் வரை வாழக்கூடிய ஜாதி இது. உலகத்திலேயே கட்டுக்காவல் மிகுந்த வீடுகளில் ஒன்று அது. சிப்பாய்களும் வேலைக்காரர்களும், நாய்களைப் பார்த்துக் கொள்வதற்கென்று டிராபஸ் பிரையண்ட் என்ற ஊழியரும் இருந்த இடம். அங்கேயே இரண்டு பீகிள்களையும் அவற்றின் சுபாவத்திலிருந்து காப்பாற்ற முடியவில்லை.

ஆகையால் நண்பருக்கு இதை அழுத்தமாகவே எழுதினேன். வீட்டுக்கு வெளியே கழுத்துப்பட்டையும் வாரும் இல்லாமல் ஒரு நிமிஷமும் விடக்கூடாது. பழக்கிவிட்டோம் என்ற கர்வம் உதவாது. ஓர் அணில் குறுக்கே வந்தால் பழக்கம் பறந்துவிடும். வாயில் போடக்கூடியது எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. சாக்லெட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். சாப்பாட்டை அளந்துதான் போட வேண்டும். அது முகத்தை வைத்துக் கொள்ளும் தோரணையைப் பார்த்து இரங்கினால் நாலைந்து மாதத்தில் தலையணை மாதிரி பருத்துவிடும். பதின்மூன்று முதல் பதினாறு அங்குலம் வரை உயரமுள்ள நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் பாரம் கூடுவது நல்லதல்ல. தொங்கும் காதுக்குள் காற்றுப் புகாமல் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். வாரம் ஒருமுறை பார்த்துத் துடைக்க வேண்டும். சென்னை வெயிலில் நடுப்பகலில் தார் ரோட்டில் நடத்தக்கூடாது. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் நன்றாக நடக்கவிட வேண்டும். நடப்பதென்றால் விறுவிறுவென்று இழுத்துக் கொண்டு போவதல்ல. ஒவ்வொரு கம்பத்தையும் முகர்வதற்கு அவகாசம் தர வேண்டும். நமக்குப் பத்திரிகை படிப்பது எப்படியோ, அதற்கு அது அப்படி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பீகிளின் சாதுத் தன்மையைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பாதி சரித்திரத்தை மறைத்தவன் ஆவேன்.

1950 அக்டோபர் 4-ஆம் தேதி, சார்லஸ் ஷூல்ஸ் என்ற சித்திரக்காரர் வரைந்த பத்திரிகைச் சித்திரத் தொடரில் ஒரு நாய்க்குட்டி தலை காட்டியது. அதுதான் ஸ்னூப்பி. பிற்பாடு உலகத்துக் குழந்தைகளெல்லாம் அறிந்த பீகிள் ஆயிற்று. 1969 மே மாதத்தில் சந்திரனுக்கு ஒன்பது மைல் உயரம் வரை இறங்கிப் பார்த்துத் திரும்பிய அப்பல்லோ 10 கலத்தின் ஒரு பகுதிக்கு அதன் பெயரையே சூட்டினார்கள்.

அதே 1950-களில் அமெரிக்காவில் வேறு பீகிள்களும் இருந்தன. யூட்டா சர்வகலாசாலையிலும் காலிபோர்னியாவில் டேவிஸிலும், அணுசக்திக் கமிஷனின் பணத்தில் பீகிள்களைக் கூட்டம் கூட்டமாக வளர்த்தார்கள். புளுட்டோனியம், ரேடியம் போன்ற பொருள்கள் உடம்பில் புகுந்தால் எலும்பு என்ன ஆகும், எப்போது புற்று வரும் என்று தெரிந்து கொள்வதற்காக அவற்றை அந்த நாய்களின் உடம்பில் செலுத்திப் பார்த்தார்கள். 1975-ல் பிரிட்டனில் மேரி பீத் என்ற பத்திரிகைக்காரி ஓர் ஆராய்ச்சிச் சாலையில் வேலைக்காரியாகச் சேர்ந்து, முகமூடி மாட்டிச் சிகரெட்டுப் புகையை உறிஞ்ச வைக்கப்பட்ட பீகிள்களைப் படமெடுத்து வெளியிட்டாள். புதிய மருந்துகளைப் பரீட்சிப்பதற்கு உலகமெங்கும் நாய் ஜாதிகளில் அதிகமாகப் பயன்பட்டு வந்திருப்பது பீகிள்தான். காரணம் என்ன? அளவான உடம்பு, ஒன்றாக அடைத்து வைத்தாலும் சண்டை போடாத குணம், ஊசி குத்தியவன் மறுநாள் வந்தாலும் வாலை ஆட்டும் சுபாவம். குழந்தைகளோடு விளையாட விடலாம் என்று எந்தக் குணத்தைச் சொல்லி வீட்டுக்குக் கொண்டு வருகிறோமோ, அதே குணத்தைச் சொல்லித்தான் அங்கேயும் கொண்டு போனார்கள்.

அந்த ஆராய்ச்சிகளால் மனிதர் உயிர்கள் பல பிழைத்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. நானும் மாத்திரை சாப்பிடுகிறவன்தான். மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு அந்த நாய்களிடம் ஒரு கடன் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே மறுபடியும் ஜான்ஸன் வருகிறார். 1966 ஆரம்பத்தில், ‘லைப்’ பத்திரிகை நாய் வியாபாரிகள் ஆராய்ச்சிச் சாலைகளுக்கு விற்பதற்காக நாய்களை அடைத்துப் பட்டினி போட்டிருந்த கோரத்தைப் படங்களோடு வெளியிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஜனாதிபதியையும் ஹிம், ஹெர் இருவரையும் அட்டையில் போட்ட அதே பத்திரிகைதான். ஜனங்கள் கடிதம் எழுதினார்கள். சட்டசபை அசைந்தது. 1966 ஆகஸ்டு 24-ஆம் தேதி, ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் நாய், பூனை முதலிய பிராணிகளைக் காக்க அமெரிக்கா முழுமைக்கும் செல்லும் முதல் சட்டத்தில் ஜான்ஸன் கையெழுத்திட்டார். ஹிம் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாயின் சோகத்தால் கையெழுத்திட்டார் என்று கதை எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. பரிசோதனை நடக்கும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதில் அந்தச் சட்டம் தலையிடவும் இல்லை. ஆனாலும், காதைப் பிடித்துத் தூக்கிய அதே கை அந்தக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டது. மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2022-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், பரிசோதனைச் சாலைகளுக்கு விற்பதற்காக நாய் வளர்த்த ஒரு பண்ணையில் ஏறக்குறைய நாலாயிரம் பீகிள்கள் மோசமான நிலையில் இருந்தது தெரிய வந்தது. நீதிமன்றத்தின் சம்மதத்தோடு அவற்றை வெளியே கொண்டு வந்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த அந்த நாய்களை வாங்கிக் கொள்ள ஊர் ஊராக ஜனங்கள் முன்வந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், புதிய மருந்துகளைப் பிராணிகளிடம் பரீட்சித்தே தீர வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்கச் சட்டம் தளர்த்தியது. இங்கிலாந்தில் நாய்களை விட்டு முயல் வேட்டையாடுவது 2005 பிப்ரவரியோடு சட்டவிரோதம் ஆயிற்று. பீகிளை உண்டாக்கிய தொழிலே அதன் பிறந்த மண்ணில் இல்லாமல் போய்விட்டது. தொழில் போனாலும் மூக்கும் குரலும் பசியும் போகவில்லை. அவற்றை வைத்துக் கொண்டு அது இன்று நம்முடைய வீட்டு வாசலில் நிற்கிறது.

நண்பருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் இப்படிச் சொன்னேன்: “வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் பெண்ணைக் கடிக்காது, கோபித்துக் கொள்ளாது, என்ன செய்தாலும் மன்னித்துவிடும். அதனால்தான் யோசிக்கச் சொல்கிறேன். மன்னிக்காத பிராணியிடம் நாம் தானாகவே ஜாக்கிரதையாக இருப்போம். மன்னிக்கும் பிராணியிடம் ஜாக்கிரதையை நாமாகத்தான் வரவழைத்துக் கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முடியும் என்றால் வாங்குங்கள்.”

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பெண்ணிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாராம். கல்லை விழுங்கிய இடத்தில் அழுதாளாம். ஆனால் மனசு மாறவில்லை. காலை ஐந்தரை மணிக்கு யார் நாயை நடத்திக் கொண்டு போவது என்று ஓர் அட்டவணை தயாரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் அப்பாவின் பெயர் இருக்கிறது. குட்டி அடுத்த மாதம் வருகிறது. பெயர்தான் இன்னும் நிச்சயமாகவில்லை.

எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், எழுவாயாக நிற்கக்கூடிய பெயராக இருக்கட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.